அத்தியாயம் 6: உங்கள் பாட்காஸ்ட் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் தவறு இருந்தால்

பாட்காஸ்ட் என்ற வடிவம் உருவாகக் காரணமானவர்களில் ஆடம் கரியும் ஒருவர். எம்.டி.வி.யில் தொகுப்பாளராக இருந்தவர். விக்கிப்பீடியாவில் பாட்காஸ்டிங் பற்றிய கட்டுரையில் அவர் பெயர் காட்டாமல் நுழைந்து சில வரிகளை எடுத்துவிட்டார் என்பது 2005 டிசம்பரில் வெளியே தெரிந்தது. அவை மற்றவர்களின் பங்களிப்பைச் சொல்லும் வரிகள். 2003-ல் கெவின் மார்க்ஸ் செய்துகாட்டிய முயற்சி பற்றிய குறிப்பும் அவற்றில் ஒன்று. எந்த ஐ.பி. முகவரியிலிருந்து மாற்றம் நடந்தது என்று பார்த்தே ஆளைக் கண்டுபிடித்தார்கள். அதே மாதத்தில், விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் தன்னைப் பற்றிய கட்டுரையைத் தானே திருத்தியிருந்ததும் அம்பலமாகி, அவரும் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

இரண்டு பேருக்கும் தங்கள் கதை மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். இருந்தும் அவர்கள் செய்ததை யாரும் திருத்தம் என்று சொல்லவில்லை. தன் நிகழ்ச்சியைப் பற்றி அதிகம் அறிந்தவர் அதை நடத்துபவர்தான். அதனாலேயே அவர் அந்தக் கட்டுரையைத் தொடக்கூடாது. கேட்கலாம், ஆதாரம் காட்டலாம், விளக்கலாம். மாற்றுவது வேறொருவர் கையால் நடக்க வேண்டும். பட்டாவில் பெயர் தவறாக இருந்தால் மூலப்பத்திரத்தின் நகலோடு தாலுகா ஆபீசில் மனு கொடுப்போமே தவிர, பதிவேட்டை இழுத்து நாமே எழுத மாட்டோம். அந்த மனுவை எப்படி எழுதுவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஓர் உதாரணம்

வெறும் விதிகளாகச் சொன்னால் மனதில் நிற்காது. ராஜபாளையத்திலிருந்து இரண்டு நண்பர்கள் ஒரு தமிழ் பாட்காஸ்ட் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். காடு, தண்ணீர், மலையடிவாரக் கோவில்கள்தான் அவர்கள் பேசும் பொருள். அதிகம் கேட்கப்பட்ட பகுதி, நகருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அய்யனார் கோவிலில் பதிவானது. நீர்காத்த அய்யனார் சன்னதி, பக்கத்தில் ஓடும் ஆறு, வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் பாதை மறிபடுவது, ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் எல்லாம் அதில் பேசப்படுகின்றன. விக்கிப்பீடியாவில் யாரோ ஒருவர் இவர்களுக்கு ஒரு கட்டுரை தொடங்கிவிட்டார். படித்துப் பார்த்தால் நான்கு கோளாறுகள்.

பாட்காஸ்ட் தொடங்கிய ஆண்டு தவறு. அந்தப் பகுதி பதிவான இடம் சாஸ்தா கோவில் என்று இருக்கிறது. அது தேவதானம் பக்கம் இருக்கும் வேறு இடம். ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறது. நான்காவதுதான் நெஞ்சைப் பதறவைப்பது: அனுமதி இல்லாமல் புலிகள் காப்பகத்துக்குள் நுழைந்து பதிவு செய்தார்கள் என்று ஒரு வரி, எந்தச் சான்றும் இல்லாமல்.

நான்கும் தவறுதான், ஆனால் நான்கும் ஒரே ஜாதி இல்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆதாரம் வேண்டும், வேறு வேறு வேகமும் வேண்டும். திருத்தம் கேட்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். எல்லாவற்றையும் ஒரே குமுறலாகக் கொட்டி, கட்டுரை முழுவதையும் மாற்றித் தாருங்கள் என்று எழுதுகிறார்கள். படிக்கும் தன்னார்வலருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

முதலில் வரலாறு

கட்டுரைக்கு மேலே 'வரலாற்றைக் காட்டவும்' என்று ஒரு தாவல் இருக்கும். அதைத் திறந்தால் எந்த வரியை யார், எந்தத் தேதியில் சேர்த்தார் என்பது ஒன்றுவிடாமல் இருக்கும். தவறான வரி எப்போது வந்தது என்று தேடுங்கள். சேர்த்தவர் அதற்கு ஒரு சான்று கொடுத்திருந்தால் அந்தச் சான்றையும் திறந்து படியுங்கள்.

தவறு சான்றிலேயே இருக்கலாம். மேற்கோள் காட்டப்பட்ட பத்திரிகைச் செய்தி உங்கள் தொடக்க ஆண்டைத் தவறாக அச்சிட்டிருந்தால், விக்கிப்பீடியாவில் எழுதியவர்மேல் குற்றமே இல்லை. முதலில் பத்திரிகையிடம் திருத்தம் கேளுங்கள். தி இந்து ஆங்கில நாளிதழ் 2006-லேயே வாசகர் ஆசிரியர் என்றொரு பொறுப்பை ஏற்படுத்தியது. பல பத்திரிகைகள் திருத்தங்களை வெளியிடுகின்றன. பத்திரிகை திருத்திவிட்டால் விக்கிப்பீடியாவில் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

சில நேரம் தவறு வட்டமடிக்கும். விக்கிப்பீடியாவில் சான்றில்லாமல் ஒரு வரி வரும். நிருபர் ஒருவர் அவசரத்தில் அதை எடுத்துச் செய்தியில் போடுவார். பிறகு அந்தச் செய்தியே அந்த வரிக்குச் சான்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இதை உடைக்கத் தேதிகள்தான் வழி. விக்கிப்பீடியாவில் வரி வந்த நாள், செய்தி வந்த நாளுக்கு முந்தையது என்று வரலாற்றுப் பக்கத்தைச் சுட்டிக்காட்டுங்கள். வேறு வாதமே தேவைப்படாது.

எதற்கு எது ஆதாரம்

தொடங்கிய ஆண்டு, நடத்துபவர் யார், எந்த மொழி, எத்தனை பகுதிகள் போன்ற சர்ச்சையில்லாத விவரங்களுக்கு உங்கள் சொந்த இணையதளமே சான்றாகலாம். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் சாதாரண விவரங்களை அவர் வாய்மொழியாகவே ஏற்கலாம் என்று விக்கிப்பீடியாவின் விதி அனுமதிக்கிறது. அதே விதி, தன்னைப் புகழ்ந்துகொள்வதையும் பிறரைப் பற்றிச் சொல்வதையும் ஏற்காது.

ஆகவே உங்கள் தளத்தில் 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம் கட்டாயம் வையுங்கள். தேதிகளைத் தெளிவாக எழுதுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பதிவான இடம், பேசியவர்கள், வெளியான நாள் ஆகியவற்றைக் குறிப்பாகப் போடுங்கள். ஒலிபரப்பும் நிறுவனத்தை மாற்றும்போது பழைய பகுதிகளின் தேதிகள் குழம்பிப்போவது உண்டு. அதனால் இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் பக்கங்களை அவ்வப்போது சேமித்து வையுங்கள். இலவசம், நிமிட வேலை. பின்னாளில் தளமே மூடப்பட்டாலும் அந்தப் பிரதியைச் சான்றாகக் காட்டலாம்.

பதிவான இடம் சாஸ்தா கோவிலா அய்யனார் கோவிலா என்பதற்கு அந்தப் பகுதியே ஆதாரம். எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று குறித்துக் கொடுங்கள். தமிழில் எழுத்து வடிவமும் இருந்தால் சரிபார்ப்பவருக்கு அது பெரிய உதவி. முழுதாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்க யாருக்கும் நேரமில்லை. இந்தக் குழப்பம் ஏன் வந்திருக்கும் என்று ஒரு வரி சேர்ப்பதும் நல்லது. அய்யனாரையும் சாஸ்தாவையும் ஒரே தெய்வமாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரண்டு கோவிலும் ராஜபாளையம் தாலுகாவில், இரண்டும் அருவியும் ஆறும் உள்ள மலையடிவாரத்தில். வெளியூர்க்காரர் மயங்கியதில் வியப்பில்லை. அப்படிச் சொன்னால், தவறு செய்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் காரியம் நடக்கும்.

மாவட்டம் பற்றிய திருத்தத்துக்கு உங்கள் தளத்தைக் காட்டாதீர்கள். அது உங்களைப் பற்றிய விவரம் இல்லை, ஊரைப் பற்றியது. பழைய ராமநாதபுரம் மாவட்டம் 1985 மார்ச் 15 அன்று பிரிக்கப்பட்டு, ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தன. அதற்கு முன் அச்சான நூல்கள் பழைய பெயரைத்தான் சொல்லும். மாவட்ட நிர்வாகத்தின் தளமே போதுமான சான்று. காட்டின் பெயரும் அப்படித்தான்: 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி, 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. 2019-ல் பதிவான நிகழ்ச்சியைப் பற்றிப் புலிகள் காப்பகத்துக்குள் பதிவு செய்தார்கள் என்று எழுதினால், அந்த வரி தன்னைத்தானே பொய்யாக்கிக்கொள்கிறது. இப்படிப்பட்ட காலப் பிழைகளைக் கவனித்துச் சொல்லுங்கள். வாதம் செய்யாமலேயே வழக்கு வென்றுவிடும்.

அவதூறு வரி

அனுமதியில்லாமல் நுழைந்தார்கள் என்ற வரி மற்ற மூன்றைப் போல வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். பெயர் தெரிந்த, உயிரோடிருக்கும் இரண்டு பேர்மேல் சான்றில்லாமல் குற்றம் சுமத்துகிறது அந்த வரி. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலரைக் கென்னடி கொலைகளோடு முடிச்சுப் போட்ட ஒரு பொய் 2005-ல் மாதக்கணக்கில் விக்கிப்பீடியாவில் கிடந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு, வாழும் மனிதர்களைப் பற்றிய விதிகள் கடுமையாக்கப்பட்டன. சான்றில்லாத பாதகமான வரியை யாரும் உடனே நீக்கலாம், சம்பந்தப்பட்டவரே நீக்கினாலும் அந்த விதி அவரைக் காக்கும்.

இருந்தாலும் நான் சொல்வது, அந்த ஒரு வரியை மட்டும் எடுங்கள். தொகுப்புச் சுருக்கத்தில் காரணத்தையும் உங்கள் தொடர்பையும் எழுதுங்கள். உடனே கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் ('உரையாடல்' தாவல்) நடந்ததைத் தெரிவியுங்கள். யாராவது திரும்பப் போட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் வாழும் மனிதர்கள் பற்றிய முறையீட்டுப் பலகை ஒன்று தனியே இருக்கிறது. தமிழில் நிருவாகிகளிடம் சொல்லலாம். பொதுவில் பேச முடியாத விவரமென்றால், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் தன்னார்வலர் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதலாம்.

இதில் நண்பர்கள் ஓர் ஆசைக்கு இடம் கொடுத்துவிடுவார்கள். வனத்துறை கொடுத்த அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது, அதனால் 'முறையான அனுமதியோடு பதிவு செய்யப்பட்டது' என்று சேர்க்கச் சொல்லலாமே என்று. வேண்டாம். உங்கள் அலமாரியில் இருக்கும் காகிதம் வெளியான ஆவணம் இல்லை, யாரும் சரிபார்க்க முடியாது. நீக்கச் சொல்வதற்கு உங்களிடம் சான்று தேவையில்லை; வைத்திருக்க நினைப்பவர்தான் சான்று காட்ட வேண்டும். உங்கள் தரப்பைச் சேர்க்கச் சொன்ன நிமிடத்தில் அந்தச் சுமை உங்கள் தோளுக்கு மாறிவிடும்.

மனு எழுதுவது

முதலில் ஒரு கணக்கு தொடங்குங்கள். நிகழ்ச்சியின் பெயரையே பயனர் பெயராக வைக்காதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் அப்படிப்பட்ட கணக்கைத் தடை செய்துவிடுவார்கள். ஒரு கணக்கு ஓர் ஆளுக்கு. நண்பர்கள் இருவரும் ஒரே கணக்கைப் பயன்படுத்தக்கூடாது. பயனர் பக்கத்தில், இன்ன பாட்காஸ்டை நடத்துபவர் நான் என்று அறிவித்துவிடுங்கள். உங்களிடம் சம்பளம் வாங்கும் உதவியாளர் இந்த வேலையைச் செய்தால் விதி இன்னும் கண்டிப்பானது: யார் பணம் தருகிறார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2014 ஜூன் முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிமுறையிலேயே இருக்கிறது.

பிறகு கட்டுரையின் 'உரையாடல்' தாவலுக்குப் போங்கள். தமிழ்ப் பயனர்கள் பேச்சுப் பக்கம் என்று சொல்வது இதைத்தான். ஆங்கிலத்தில் எழுதுவதானால், இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் 'எடிட் சிஓஐ' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் உங்கள் வேண்டுகோள் காத்திருப்போர் வரிசையில் சேர்ந்துவிடும். தமிழில் புதிய தலைப்பிட்டு எழுதினாலே போதும். பதில் வராவிட்டால் ஒத்தாசைப் பக்கத்திலோ ஆலமரத்தடியிலோ ஒரு வரி போட்டு நினைவுபடுத்தலாம்.

மனு இந்த அளவில் இருந்தால் போதும்:

"வணக்கம். இந்தக் கட்டுரை சொல்லும் பாட்காஸ்டை நடத்துபவர்களில் நானும் ஒருவன். அதனால் நேரடியாகத் தொகுக்கவில்லை. 'வரலாறு' பகுதியின் இரண்டாம் வரியில் 'சாஸ்தா கோவிலில் பதிவு செய்யப்பட்டது' என்று உள்ளது. இதை 'ராஜபாளையம் அருகே உள்ள அய்யனார் கோவிலில் பதிவு செய்யப்பட்டது' என்று மாற்ற வேண்டுகிறேன். சான்று: குறிப்பிட்ட பகுதியின் 2-வது நிமிடம் 10-வது நொடி, மற்றும் எங்கள் தளத்தில் அந்தப் பகுதியின் குறிப்பு (இணைப்பு கீழே). இரண்டு கோவில்களும் ஒரே தாலுகாவில் உள்ளதால் குழப்பம் நேர்ந்திருக்கலாம். பார்த்து முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இறுதியில் அலைக்குறியை நான்கு முறை தட்டினால் உங்கள் பெயரும் நேரமும் தானாக விழும். ஒரு மனுவில் ஒரு திருத்தம். மாவட்டத்துக்குத் தனி மனு, ஆண்டுக்குத் தனி மனு. கட்டுரையில் இருக்கும் வாசகத்தை அப்படியே எடுத்துப் போடுங்கள், வேண்டிய வாசகத்தையும் முழுதாக எழுதுங்கள். படிப்பவர் பார்த்த மாத்திரத்தில் சரி அல்லது இல்லை என்று சொல்லும்படி இருக்க வேண்டும்.

அடுத்தது பொறுமை. ஆங்கிலத்தில் பல வாரம், சில நேரம் மாதங்கள்கூட ஆகும். பதில் சொல்பவர் எவருக்கும் சம்பளம் கிடையாது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், வேலை பார்த்த அமீரகத்திலிருந்து ஓய்வு நேரங்களில் கட்டுரை கட்டுரையாக எழுதித்தான் அதற்கு உயிர் வந்தது. அந்தப் பணிக்காகக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு 2015-ஆம் ஆண்டின் இயல் விருதை வழங்கியது. இன்றும் உங்கள் மனுவைப் படிப்பவர் இப்படிப்பட்ட ஒருவர்தான், வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்பவர். அவரிடம் மரியாதையாகப் பேசுவதைத் தந்திரமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது உரியது.

மறுத்தால்

எழுத்தாளர் பிலிப் ராத், தன் நாவல் ஒன்றுக்குத் தூண்டுதலாக இருந்தவர் யார் என்பதில் விக்கிப்பீடியா தவறு செய்கிறது என்று கேட்டார். எழுதியவரே சொன்னாலும் வேறு சான்று வேண்டும் என்று பதில் வந்தது. அவர் 2012 செப்டம்பரில் நியூயார்க்கர் இதழில் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். வெளியான கடிதம் சான்றாகிவிட்டது, கட்டுரையிலும் அவர் கூற்று இடம்பெற்றது. அவர் சொன்னபடியே எல்லாம் மாறிவிடவில்லை. மற்றவர்கள் எழுதியதும் அவர் சொன்னதும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். நியூயார்க்கர் நமக்கு எட்டாது. உள்ளூர்ப் பதிப்பு நிருபர் ஒருவரின் நேர்காணலோ, ஒரு பத்திரிகையின் அறிமுகக் கட்டுரையோ எட்டும். அதில் விவரங்கள் சரியாக வரும்படி, தேதிகளை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

'தமிழின் முதல் காட்டுயிர் பாட்காஸ்ட்' என்று சேர்க்கச் சொல்ல நினைத்திருந்தால், அந்த மனுவை எழுதாமலே விடுங்கள். முதல் என்பதை நிறுவ உங்கள் தளம் போதாது. அப்படியொரு மனு, சரியான மற்ற மூன்று மனுக்களின் மேலும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

ஒலிவாங்கி கையில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் நேயர்களிடம், போய் அந்தக் கட்டுரையைத் திருத்துங்கள் என்று நிகழ்ச்சியில் சொல்லவே சொல்லாதீர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஸ்டீவன் கோல்பேர் 2006-ல், ஆப்பிரிக்க யானைகளின் எண்ணிக்கை மூன்று மடங்கானதாக எழுதுங்கள் என்று விளையாட்டாகச் சொன்னார். நேயர்கள் படையெடுத்ததில் யானை பற்றிய கட்டுரையையே பூட்டிவைக்க வேண்டியதாயிற்று. உங்கள் நேயர்கள் நல்ல எண்ணத்தோடு வந்தாலும் முடிவு இதுதான். பூட்டிய பக்கத்தில் உண்மையான திருத்தமும் சிக்கிக்கொள்ளும்.

பணம் கொடுத்தால் கட்டுரையைக் காப்பாற்றித் தருகிறேன் என்று மின்னஞ்சல் வந்தால் பதிலே அனுப்பாதீர்கள். சிறு தொழில்களையும் கலைஞர்களையும் குறிவைத்து இப்படிப் பணம் பறித்த ஒரு கும்பலின் 381 கணக்குகளை ஆங்கில விக்கிப்பீடியா 2015-ல் ஒரே வீச்சில் தடை செய்தது. எந்த நிருவாகியும் கட்டணம் கேட்க மாட்டார்.

நீதிமன்றம் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய கட்டுரைக்காக 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குப் போட்டது. அந்த வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தை எடுக்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ரத்து செய்தது. பெரிய நிறுவனங்களின் பாதை அது. ராஜபாளையத்து நண்பர்கள் இருவருக்கு அங்கே வேலையில்லை.

இன்னொன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மனு போட்டால் கட்டுரையைப் பலர் கவனிப்பார்கள். இந்தப் பாட்காஸ்டைப் பற்றிச் சுதந்திரமான பத்திரிகைகள் எழுதியிருக்கின்றனவா என்று ஒருவர் தேடலாம். எதுவும் கிடைக்காவிட்டால் குறிப்பிடத்தக்கமை இல்லை என்று நீக்கலுக்கே முன்மொழியலாம். அந்தச் சாத்தியத்தை ஏற்றுக்கொண்டு மனு எழுதுங்கள். தவறான வரிகளோடு ஒரு கட்டுரை இருப்பதைவிடக் கட்டுரையே இல்லாதிருப்பது உங்கள் நிகழ்ச்சிக்கு நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

படமும் மற்ற பக்கங்களும்

அய்யனார் கோவில் ஆற்றை நீங்களே எடுத்த படம் ஒன்று இருந்தால், விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம். நேரடியாக நீங்களே செய்யக்கூடிய உதவி அது. ஆனால் கட்டற்ற உரிமத்தில் கொடுத்த படத்தை உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம், விற்கவும் செய்யலாம். பிறகு திரும்பப் பெற முடியாது. நிகழ்ச்சியின் முகப்புப் படத்தை வரைந்தவர் வேறொருவர் என்றால் உரிமம் கொடுக்க வேண்டியவர் அவர், நீங்கள் இல்லை.

தமிழ்க் கட்டுரை சரியானதும் ஆங்கிலக் கட்டுரை தானாக மாறாது. ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தனித்தனி, அதனால் மனுவும் தனித்தனி. தகவற்பெட்டியில் தெரியும் ஆண்டு சில நேரம் 2012-ல் தொடங்கிய விக்கித்தரவு என்ற தரவுத்தளத்திலிருந்து வரும். அங்கே பழைய ஆண்டு இருந்தால் அதையும் பேச்சுப் பக்கத்தில் சொல்ல வேண்டும். கூகுள் தேடலின் ஓரத்தில் வரும் பெட்டி விக்கிப்பீடியாவுக்குச் சொந்தமில்லை. அதன் அடியில் கருத்துத் தெரிவிக்கும் இணைப்பு இருக்கும். அங்கேதான் கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் கேட்டு முடித்ததும் கட்டுரையை உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அடுத்த மாற்றம் எப்போது நடந்தாலும் அந்தப் பட்டியலில் தெரியும்.